பெயருக்கு இடம் விட்டு ஜெபம் எழுதுங்கள்: தேர்தல் முடிவு வந்த வாரத்தில் ஸ்தோத்திரம் செலுத்துவது எப்படி

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு மன்றாட்டு ஜெபம் எழுதிக் கொடுக்கிற வேலை பல வருஷமாக என் தலையில்தான் இருக்கிறது. பதவி ஒன்றும் இல்லை. ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார், எனக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். மழைக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்காக என்றால் கை தானாக ஓடும். மக்களவைத் தேர்தல் முடிவு வந்த வாரத்தில் மட்டும் பேனா நின்றுவிடுகிறது.

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டின் 39 இடங்கள், புதுச்சேரியின் ஒன்று, ஆக 40-ம் தி.மு.க. கூட்டணிக்குப் போயின. டெல்லியில் பா.ஜ.க. 240-ல் நின்றது, தனிப் பெரும்பான்மைக்கு வேண்டிய 272 வரவில்லை, ஆனாலும் கூட்டணியாக 293 பேரோடு மறுபடியும் ஆட்சி அமைத்தது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் மத்தியானம் லட்டு கொடுத்தார்கள், சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாலு வீடு தள்ளி அப்படியே தலைகீழ். கிறிஸ்தவர்கள் என்றால் எல்லாரும் ஒரே சின்னத்தில்தான் குத்துவார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும்.

அந்த வார ஜெபத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். முதல் தாள் வெற்றிவிழா நோட்டீஸ் மாதிரி இருந்தது, இரண்டாவது துக்க வீட்டு ஜெபம். மூன்றாவதில் யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று எழுதப்போய் ஒன்றுமே சொல்லாமல் முடிந்திருந்தது. நாலாவது தாள்தான் நின்றது. அது எப்படி நின்றது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், வீட்டு ஜெபத்துக்கும் இது பொருந்தும்.

முதலில் அந்த வசனத்தை முழுசாகப் படியுங்கள்

தேர்தல் என்றதும் நாம் எடுப்பது 1 தீமோத்தேயு 2-ம் அதிகாரம், முதல் இரண்டு வசனங்கள். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்பதோடு நிறுத்திவிடுவோம். அங்கே இருக்கிற பட்டியலைப் பாருங்கள்: விண்ணப்பங்கள், ஜெபங்கள், வேண்டுதல்கள், ஸ்தோத்திரங்கள். நாலு இருக்கிறது. முதல் மூன்றும் கேட்பது, நாலாவது நன்றி சொல்வது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஸ்தோத்திரமும் பண்ணச் சொல்கிறார் பவுல், அதுவும் ஓட்டு என்பதே கையில் இல்லாமல், ரோமப் பேரரசனின் கீழே வாழ்ந்த சின்னக் கூட்டத்துக்கு.

நாமோ கேட்பதில்தான் கெட்டி. அந்த வருஷம் கத்தோலிக்க ஆயர்கள் மார்ச் 22-ஐ நாட்டுக்காக உபவாச ஜெப நாளாக அறிவித்தார்கள். எங்கள் பக்கத்திலும் முழு இரவு ஜெபம், சங்கிலி ஜெபம் எல்லாம் நடந்தது. முடிவு வந்த பிறகு அதே ஆட்கள் ஸ்தோத்திரக் கூட்டம் போட்டார்களா என்றால் ஜெயித்தவர்கள் மட்டும் போட்டார்கள். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகளும் சத்தமிட்டுத்தான் கேட்டார்கள், சுகமான பிறகு நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒருவன், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன்.

எதற்கு ஸ்தோத்திரம்? விளைந்ததற்கு

இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். முடிவு பிடித்திருந்தால் முடிவுக்காக ஸ்தோத்திரம், பிடிக்கவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு "எல்லாம் கர்த்தருடைய சித்தம்". இரண்டும் எனக்கு ஒட்டவில்லை.

எனக்கு வழி காட்டியது எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகைதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வயலில், கொல்லையில் விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்போம், வாழைத்தார், பூசணிக்காய், கோழி, தேங்காய், உளுந்து என்று வந்து குவியும், ஆராதனை முடிந்ததும் ஏலம். மழை பொய்த்த ஒரு வருஷம் ஒரு பாட்டி நாலு முருங்கைக்காயைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்தார், ஏலத்தில் 300 ரூபாய்க்குப் போனது. அவருடைய நெல் கருகிவிட்டது என்பது ஊருக்கே தெரியும். கருகிய நெல்லைக் கொண்டுவந்து இதற்கும் ஸ்தோத்திரம் என்று சொல்லும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை, நெல் போச்சே என்று அவரும் வீட்டிலேயே இருந்துவிடவில்லை. முருங்கை காய்த்திருந்தது, பறித்துக்கொண்டு வந்தார்.

தேர்தலிலும் அதைச் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த கட்சி கருகிப் போயிருக்கலாம், கொல்லையில் என்ன காய்த்திருக்கிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்ததாக, விரல் விட்டு எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். "ஜனநாயகத்துக்காக ஸ்தோத்திரம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பின்வரிசையில் கொட்டாவி விடுவார்கள், நானும் விடுவேன்.

எங்கள் சபையில் காய்த்ததைச் சொல்கிறேன். என் மதினி பள்ளிக்கூட டீச்சர். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதற்கு முந்தின நாளே மண்டல அலுவலரின் வண்டி பின்னால் போய், எங்கேயோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார். கொசு. தண்ணீர் வராத கழிப்பறை. காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஏழு மணிக்கு உண்மையான ஓட்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இயந்திரத்தை மூடி முத்திரை வைத்து, பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தை நிரப்பிக் கட்சி முகவர்களுக்குக் கொடுத்து, பெட்டியை எடுத்துப்போக வண்டி வருகிறவரைக்கும் காத்திருந்து, வீடு வந்து சேர்ந்தபோது விடியக்காலம் மூன்று மணி. அந்த ஞாயிறு காணிக்கைப் பையில் ஒரு கவர் விழுந்தது. ஐயர் வாசித்தார்: "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, தேர்தல் பணிக்குப் போய்ச் சுகமாய்த் திரும்பி வந்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை ரூபாய் 200." சபையில் பாதிப்பேர் மதினி பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் பெயர் சொல்ல விரும்பாதவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கவர்தான் நாலாவது தாளை எனக்கு எழுதிக் கொடுத்தது. யார் ஜெயித்தார் என்று தெரிவதற்கு ஆறு வாரத்துக்கு முன்பே அவர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார்!

நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஏழு கட்டம், ஏப்ரல் 19-லிருந்து ஜூன் 1 வரை, ஓட்டுப் போட்டவர்கள் 64 கோடிக்கும் மேல். சுமார் பத்தரை லட்சம் வாக்குச்சாவடி. அத்தனையிலும் ஒரு மதினி உட்கார்ந்திருந்திருப்பார். எல்லாரும் சுகமாய்த் திரும்பவும் இல்லை: கடைசிக் கட்டத்தன்று உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 33 தேர்தல் பணியாளர்கள் வெயில் தாங்காமல் இறந்துபோனார்கள். எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று மனப்பாடமாகச் சொல்கிற நமக்கு இந்த 33 நினைவில் நிற்பதில்லை. ஸ்தோத்திரத்தோடு இதையும் சேர்த்து எழுதுங்கள், அந்த வீடுகளுக்காக ஒரு வரி.

எழுதும் முறை

முடிவு வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும். கடைசிக் கட்ட ஓட்டு முடிந்ததும் ஒரு ஞாயிறு வந்தால் (2024-ல் ஜூன் 2 அப்படி வந்தது) அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். பெயர் வருகிற இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுங்கள். இப்படி:

"ஆண்டவரே, ஓட்டுப்போடப் போன எங்களைப் பத்திரமாய்த் திரும்பக் கொண்டுவந்தீர், ஸ்தோத்திரம். இரவெல்லாம் விழித்திருந்த ஆசிரியர்கள், காவலர்கள், வண்டி ஓட்டினவர்கள், வாக்குச்சாவடியைப் பெருக்கித் துடைத்தவர்கள் எல்லாருக்காகவும் ஸ்தோத்திரம். பணிக்குப் போய் வீடு திரும்பாதவர்களின் குடும்பங்களை நினைத்தருளும். எங்கள் தொகுதிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ________ அவர்களுக்கும், பிரதமராகப் பொறுப்பேற்கிற ________ அவர்களுக்கும் ஞானத்தையும், ஏழையின் வழக்கைக் கேட்கிற காதையும் தாரும். தோற்றுப்போனவர்களைத் தேற்றும். எங்களில் சந்தோஷமாய் வந்திருப்பவர்களையும் கனத்த மனதோடு வந்திருப்பவர்களையும் ஒரே பந்தியில் உட்காரவையும். ஆமென்."

எழுதி முடித்ததும் சோதனை. கோட்டில் உங்களுக்குப் பிடித்தவர் பெயரைப் போட்டு வாசியுங்கள். அப்புறம் பிடிக்காதவர் பெயரைப் போட்டு, சத்தமாக, வீட்டில் யாராவது கேட்கும்படி வாசியுங்கள். எந்த வரியில் குரல் தடுமாறுகிறதோ அந்த வரியில் கட்சி புகுந்திருக்கிறது, அதைத் திருத்துங்கள். நான் முதலில் "துரோகிகளின் ஆலோசனையை அபத்தமாக்கும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன், கேட்க வேதாகமத் தமிழாகத்தான் இருந்தது. யாரை மனதில் வைத்து எழுதினேன் என்று என் மனைவி இரண்டாம் வாசிப்பிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டுமா, "எங்கள் தலைவர்கள்" என்று போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது என்பதுதான் என் எண்ணம். பெயர் இல்லாமல் ஜெபிப்பது சுலபம், ஆளை நினைக்கவே வேண்டியதில்லை. பெயரைச் சொல்லும்போதுதான் அவரும் காய்ச்சல் வந்தால் படுக்கிற மனுஷன் என்பது உறைக்கிறது.

ஜெயித்தவர்களுக்கு

வீட்டில் லட்டு சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. நீங்கள் ஆறு மாதம் வெயிலில் வீடுவீடாகப் போய் வேலை செய்த கட்சி ஜெயித்தால் சந்தோஷம் வராமல் இருக்குமா? அந்தச் சந்தோஷத்தைக் கோயில் மைக்கில் வைக்காதீர்கள். எங்கள் பக்கத்து ஒரு சபையில் முடிவு வந்த வாரம் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்து, இன்ன கட்சியைக் கர்த்தர் ஜெயிக்கவைத்தார் என்று ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். சாட்சி நேரத்தில் யாரும் குறுக்கே பேசுவதில்லை என்பதால் எல்லாரும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு குடும்பம் அதற்குப் பிறகு இரண்டு மாதம் வரவில்லை. ரோமர் 12:15-ல் சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படுவதும் அழுகிறவர்களோடு அழுவதும் ஒரே வசனத்தில் ஒட்டி நிற்கின்றன. ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும் நாளில் அது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தோற்றவரைக் கேலி செய்யும் மீம்ஸைச் சபைக் குழுவில் போடுகிறவர்களுக்கு நீதிமொழிகள் 24:17-ஐ (சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே என்கிற வசனம்) அனுப்பிவையுங்கள், தனிச் செய்தியாக.

தோற்றவர்களுக்கு

சிரிக்க வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறது. எல்லாவற்றிலேயும் என்றுதானே இருக்கிறது, எல்லாவற்றுக்காகவும் என்று இல்லையே என்று பிரசங்கத்தில் விளக்குவார்கள், நானும் அதைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன், ஒரு ஓய்வுநாள் பள்ளிப் பையன் எபேசியர் 5:20-ஐக் காட்டுகிறவரை. அங்கே "எல்லாவற்றிற்காகவும்" என்றுதான் இருக்கிறது. சரி, அதை நான் இன்னும் முழுசாக விழுங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வேதாகமத்தில் 13-ம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது, கர்த்தரைப் பாடுவேன் என்று கடைசி வசனத்தில்தான் வந்து சேர்கிறது. நீங்கள் முதல் வசனத்தில் நின்றுகொண்டிருந்தால் அங்கேயே நின்று ஜெபியுங்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இப்படிப்பட்ட புலம்பல்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அடுத்தவரிடம் போய் "ஸ்தோத்திரம் சொல்லுங்க, எல்லாம் நன்மைக்கே" என்று வற்புறுத்தாதீர்கள். மணிப்பூரில் 2023 மே மாதம் ஆரம்பித்த கலவரத்தில் வீடும் கோயிலும் எரிந்துபோனவர்கள் ஆயிரக்கணக்கில் நிவாரண முகாம்களில் இருந்தார்கள். 2024 தேர்தலில் அவர்களுக்காக முகாம்களிலேயே தனி வாக்குச்சாவடி வைத்தார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு அம்மாவுக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற நான் சொல்லிக்கொடுக்க முடியாது. அவர் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

தீர்க்கதரிசனங்களைப் பற்றிச் சுருக்கமாக

2024 ஜூன் 1 சாயங்காலம் டிவியில் வந்த வாக்குக் கணிப்புகள் பெரும்பாலும் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன. தப்பிப் போனதும் கணித்தவர்களில் ஒருவர் டிவி நேரலையிலேயே கண்கலங்கினார். யூடியூபில் "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று எண்ணிக்கையோடு சொன்னவர்கள் யாராவது கலங்கினார்களா? நான் பார்க்கவில்லை, வீடியோக்கள்தான் காணாமல் போயின. உபாகமம் 18:22-ஐ (சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்கிற வசனம்) எடுத்துப் படித்துவிட்டு அப்படிப்பட்டவற்றை மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாமல் விட்டுவிடுங்கள். தற்செயலாகப் பலித்துவிட்டாலும் அதுதான் என் யோசனை.

நன்றி சொன்னால் கேட்கக் கூடாது என்று இல்லை

ஸ்தோத்திரம் சொல்லிவிட்டோம், இனி அரசாங்கத்தைக் குறை சொல்லக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கிருந்து வந்த வழக்கம் என்று தெரியவில்லை. 1950-ம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். இதற்கிடையில் எத்தனை ஆட்சி மாறியிருக்கிறது! எல்லா ஆட்சிக்காகவும் ஜெபித்தோம், எல்லா ஆட்சியிடமும் கேட்டுக்கொண்டும் இருக்கிறோம்.

2004-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2002-ல் ஜெயலலிதா ஆட்சி கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது, கிறிஸ்தவப் பள்ளிகளும் கல்லூரிகளும் கதவடைத்து எதிர்ப்புக் காட்டின. 2004 மக்களவைத் தேர்தலில் அவருடைய கூட்டணிக்கு மாநிலத்தில் ஒரு இடம்கூட இல்லை. அடுத்த சில நாளில் அந்தச் சட்டத்தை விலக்கிக்கொள்வதாக அறிவித்தவரும் அவரேதான். அந்த இரண்டு வருஷமும் முதலமைச்சர் பெயரைச் சொல்லி ஜெபிக்க மாட்டேன் என்று முரண்டுபிடித்த ஒரு மூப்பர் எங்களுக்கு இருந்தார். சட்டம் போன பிறகு அவருக்குத்தான் தர்மசங்கடம், நன்றி சொல்வதற்கும் அதே பெயரைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டது கிடைத்த கதை இன்னொன்று. 2023 மிசோரம் சட்டமன்றத் தேர்தலில் வாக்கு எண்ணிக்கை டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்திருந்தார்கள். அங்கே ஞாயிறு ஆராதனை நாள், வேறு வேலை நடக்காது. சபைகளும் கட்சிகளும் அமைப்புகளும் கேட்டுக்கொண்டதும் தேர்தல் ஆணையம் எண்ணிக்கையைத் திங்கள், டிசம்பர் 4-க்கு மாற்றியது. வேண்டாத கட்சி, வேண்டிய கட்சி எல்லாம் சேர்ந்து கேட்ட காரியம் அது. இப்படி ஏதாவது நடந்தால் ஸ்தோத்திரப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், செய்தித்தாளில் மூலையில் வந்தாலும் பரவாயில்லை.

உங்கள் தொகுதி எம்.பி. யாராக இருந்தாலும் முதல் மாதத்திலேயே சபைப் பேரில் ஒரு கடிதம் போடுங்கள். ஒரு பக்கம் போதும். தெரிந்தெடுக்கப்பட்டதற்கு வாழ்த்து, ஜெபிக்கிறோம் என்ற செய்தி, அப்புறம் ஒரே ஒரு கோரிக்கை. தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் வேலைகளை அவர் பரிந்துரைக்கலாம். கோயில் கட்டடத்துக்கு அதில் கேட்காதீர்கள், வழிபாட்டு இடங்களுக்கு அந்த நிதியைத் தர விதி இல்லை. ஊருக்கெல்லாம் பயன்படுகிற எதையாவது கேளுங்கள். எரேமியா 29:7-ல் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொன்னது வேற்று ஊரில் சிறைப்பட்டுப் போய் இருந்தவர்களுக்கு. நமக்குச் சொந்த ஊர், பேருந்து நிழற்குடை கேட்டுக் கடிதம் போடுவதற்கு என்ன கஷ்டம்? தோற்ற வேட்பாளருக்கும் இரண்டு வரி எழுதினால் நல்லது. தோற்ற வாரத்தில் அவர் வீட்டுக்கு வருகிற தபால் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும்.

2024 ஜூன் 9 ஞாயிறு காலை அந்த நாலாவது தாளை வாசித்தேன், சாயங்காலம் டெல்லியில் பதவிப் பிரமாணம். இரண்டு கோட்டிலும் பெயர் போட்டாயிற்று. முதல் பெயருக்கு வந்த ஆமென் இரண்டாவதற்கு வரவில்லை, இடது பக்க வரிசையில் இரண்டாவதற்கு வந்த ஆமென் முதலாவதற்கு வந்திருக்கவில்லை. ஜெபத்தின்போது கண்ணைத் திறக்கக் கூடாதுதான், வாசிக்கிறவனுக்கு வேறு வழியில்லை. குவித்த கைகளில் இடது ஆள்காட்டி விரல் நகங்களைப் பார்த்தேன். ஏப்ரலில் வைத்த மை அடி நகத்திலிருந்து வளர்ந்து பாதிக்கு வந்திருந்தது, எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்.